ராசா தோட்டத்துக் காகம்

1

என் மகள் வதனா ஊரிலிருக்கும் தன் ஒன்றுவிட்ட அக்காவுக்கு ஒரு தபாலட்டை அனுப்பியிருந்தாள். மேட்டின் மேல் மஞ்சள் நிறத்தில் ஓர் அரண்மனை, அதன் கீழே சரிந்து இறங்கும் புல்வெளி, வாய்க்கால், வாய்க்காலுக்கு மேலே சிவப்புப் பாலம். அந்த அட்டை ஒரு வீட்டில் நிற்கவில்லை. ஒழுங்கை முழுக்கச் சுற்றி, சங்கக்கடையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் கைக்கும் போயிருக்கிறது. நான் இப்போது ராசாவின் வளவுக்குப் பக்கத்து வளவில் குடியிருப்பதாக ஊரில் கதையாம். பின்னேரங்களில் அந்த வாய்க்கால் கரையில் காற்று வாங்குவேனாம். எப்படி இருக்கிறது அந்த இடம், விவரமாக எழுது என்று நண்பர் கேட்டிருக்கிறார்.

எழுதுகிறேன். நான் இருப்பது ஹ்விடோவ்ரேயில். சீமெந்துப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுபோன்ற மாடிகளில் மூன்றாவது தட்டு. ராசாவின் தோட்டம் இருப்பது பிரெடெரிக்ஸ்பெர்க்கில். அங்கே போக பஸ் எடுக்க வேண்டும். நான் தினமும் எடுக்கிறேன், அங்கேயுள்ள வீடுகளின் மாடிப்படிகளைக் கழுவுவதற்காக.

எனக்குக் கதைக்க வராது. சங்கக்கடையிலும் நிறுத்துக் கொடுப்பதுதான் என் வேலை, கதை முழுவதும் நண்பருடையது. ஆகவே, அந்த இடத்தைப்பற்றி வாயால் ஒருவருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அழகான இடமா என்று கேட்டால், அழகான இடம்தான். அதுவும் எனக்கு எரிச்சல்.

2

கோப்பன்ஹேகன் நகரம் நாலு பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவில் தனக்கென்று ஒரு நகரசபை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறது பிரெடெரிக்ஸ்பெர்க். அங்கேயிருப்பவர்களை, நீங்கள் கோப்பன்ஹேகனா என்று கேட்டால் முகம் மாறும். நீண்ட நேர்த் தெரு ஒன்று, இரண்டு பக்கமும் வரிசையாக மரங்கள், அதன் முடிவில் ராசாவின் தோட்டத்து வாசல். முன்னொரு காலத்தில் ராசா வீட்டு வண்டிகள் போவதற்காகவே அந்தத் தெருவைப் போட்டார்களாம், மற்றவர்கள் நுழையாமல் இரண்டு முனையிலும் வாயில் கட்டியிருந்தார்களாம். வதனாவைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது வாயில் இல்லை. என்னைப்போல ஒருவன் வாளியோடு நடந்துபோனால் யன்னல் சீலை கொஞ்சம் விலகும், திரும்ப மூடும்.

வீடுகளுக்குக் கோபுரம் இருக்கிறது. செப்புக் கூரைகள் பாசி பிடித்ததுபோலப் பச்சையாக நிற்கின்றன, அதையும் பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் குடத்தில் அந்தப் பச்சை ஏறினால் பெண்கள் புளி போட்டுத் தேய்ப்பார்கள்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு படி. முன்படி அகலம், நடுவில் சிவப்புக் கம்பளம், கம்பளத்தைப் பிடிக்கப் பித்தளைக் கம்பிகள். பின்படி ஒடுங்கல், இருட்டு, அது நேரே குசினிக்குப் போகும். முந்தி வேலைக்காரரும் பால்காரரும் கரி கொண்டுவருபவரும் ஏறிய படி. இரண்டையும் கழுவுவது நான். முன்படியை மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு வந்து, முன்கதவால் வெளியே போவதுதான் லேசு. ஆனால் இரண்டாம் மாடியில் ஒரு சீமாட்டி இருக்கிறார். நான் முன்கதவால் போவதை அவர் ஒருநாள் கண்டுவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மேற்பார்வையாளனைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே, என்னைக் காட்டிச் சொன்னார். அன்றிலிருந்து முன்படியைக் கழுவி முடித்ததும், வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிப் பின்பக்கத்தால் போகிறேன். அவருடைய கதவில் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை அதையும் மினுக்குகிறேன். மினுங்கும்போது அதில் என் முகம் தெரியும், அவருடைய பெயர் என் நெற்றியில் ஓடும்.

மத்தியானப் பாணை அந்தத் தோட்டத்தில் இருந்துதான் சாப்பிடுவேன். உள்ளே போகக் காசு கேட்பதில்லை, அதைச் சொல்ல வேண்டும். வாய்க்கால்கள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. ஒரு ராசா ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் தோணியில் போவாராம், சனங்கள் கரையில் நின்று பார்ப்பார்களாம். தோணியில் போகும் ராசாவைப் பார்ப்பதற்கென்றே சனங்கள் உடுத்திக்கொண்டு வந்தார்கள் என்று வதனா சொன்னபோது, கரையில் நிற்க என்ன பாடு பட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். நடுவில் சின்னத் தீவில் சீனர் வீடுபோல ஒன்று கட்டியிருக்கிறார்கள். மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, அவையும் அந்தப் பகுதிச் சனங்களைப்போலக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஒருவரையும் பாராமல் நிற்கும். பின்னால் மிருகக்காட்சிச்சாலை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் யானை மணம் வரும். அந்த மணம் ஒன்றுதான் அங்கே எனக்குத் தெரிந்தது.

நான் இருக்கும் வாங்கில் வேறு ஒருவரும் வந்து இருப்பதில்லை. வெயில் அடிக்கும் நாட்களில் மற்ற வாங்குகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருப்பார்கள், என்னுடையது வெறுமையாகக் கிடக்கும். காகங்கள் மட்டும் வரும். இங்கேயுள்ள காகம் தலையும் செட்டையும் கறுப்பு, உடம்பு சாம்பல். மேற்சட்டை போட்ட கிளாக்கர்மாரைப்போல இருக்கும். பாண் துண்டைப் போட்டால் என் சப்பாத்துவரை வந்து எடுத்துக்கொண்டு போகும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

3

என் தங்கச்சி மலர் எங்களோடு இருக்கிறாள். முதலில் நான் இங்கே வந்தேன். பிறகு என் மனைவி பாக்கியமும் வதனாவும் மலரும் கிழக்கு பெர்லின் வந்து, ரயிலும் கப்பலும் ஏறி வந்து சேர்ந்தார்கள். மலரின் புருஷன் யோகன் மச்சான் கடைசியாக வருவதென்று ஏற்பாடு. மன்னார்க் கரையிலிருந்து படகில் இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து வருவார் என்றார்கள். அந்தப் படகு போய்ச் சேரவில்லை. கவிழ்ந்த படகையும் இரண்டு உடல்களையும் கண்டார்கள். இரண்டும் மச்சான் இல்லை. அதுதான் மலருக்குப் பிடியாகப் போய்விட்டது.

ஊரிலிருந்து எல்லோரும் எழுதிவிட்டார்கள், அவருடைய தாய்கூட எழுதிவிட்டார். மலர் ஒன்றையும் எடுக்கவில்லை. நீந்தத் தெரிந்த மனிசன் என்பாள். வேறு கரையில் ஒதுங்கியிருப்பார், பிடித்து வைத்திருப்பார்கள், விடுவார்கள் என்பாள். அவருக்கென்று வாங்கிய குளிர்ச்சட்டை அலுமாரியில் கடதாசி பிரியாமல் தொங்கியது. மொழி வகுப்புக்கு வரச்சொல்லி நகரசபைக்காரர், இங்கே கொமூன என்பார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் வந்தபிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து படிக்கிறோம் என்று சொல்லிவிட்டாள். வகுப்புக்கு வராவிட்டால் உதவிப்பணம் நிற்கும் என்று கடைசியில் சொன்னார்கள். அதற்கும் அசையவில்லை. கடைக்குக்கூடத் தனியே போகமாட்டாள். நாள் முழுக்க யன்னலடியில், கீழே வந்து நிற்கும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

இதில் ஒரு வேடிக்கை. மலர் கொமூனக் கந்தோருக்கு முதன்முதல் போனபோது, புருஷன் வருவார் என்று சொன்னாள். ஒரு கடதாசியும் கேட்காமல் அவருடைய பெயரை வரவேண்டியவர் என்று பதிந்துகொண்டார்கள். பிறகு நான் தனியே போய், எனக்குத் தெரிந்த டெனிஷில், அவர் வரமாட்டார் என்று சொன்னேன். அதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஒரு மனிதன் வருவான் என்று சொல்ல வாய் போதும், வரமாட்டான் என்று சொல்ல முத்திரை வேண்டும். கடல் எந்தக் கந்தோரில் முத்திரை குத்தித் தரும் என்று கேட்க வாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாசியில் ஆண்டுத் திவசம் வந்தது. செய்யவேண்டும் என்று பாக்கியம் சொன்னாள். மலர் இரண்டு நாள் யன்னலடியை விட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் குசினிக்குள் வந்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணை, சமைச்சு வையுங்கோ. காகம் வந்து எடுத்தா நான் ஒத்துக்கொள்ளுறன். எடுக்காட்டி, இனி இந்த வீட்டில ஒருத்தரும் திவசம் எண்டு வாய் திறக்கக்கூடாது."

"எடுக்கும்," என்றாள் பாக்கியம்.

"பாப்பம்," என்றாள் மலர்.

அவள் பந்தயம் கட்டுவதுபோலத்தான் சொன்னாள். காகம் எடுக்கக்கூடாது என்றுதான் அவள் நேர்ந்துகொண்டிருந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

4

ஐயர் இல்லை, எள்ளும் தண்ணீரும் எனக்குத் தெரிந்த அளவில். சமையல் பாக்கியம். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பயற்றங்காய்க்குப் பதிலாகப் போஞ்சி, உழுந்து வடை. மச்சானுக்குக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு என்றால் உயிர். மாசியில் இங்கே கத்தரிக்காய் கண்ணாடிக்குள் வைக்கவேண்டிய பண்டம். துருக்கிக்காரர் கடையில் ஒன்று வாங்கி, அதைப் பொத்திக்கொண்டு வந்தேன். வாழையிலைக்கு எங்கே போவது. உருண்டைக் கோவா ஒன்றின் பெரிய வெளி இலைகள் இரண்டைக் கழற்றி, கழுவித் துடைத்து வைத்தாள் பாக்கியம்.

ஒருவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மத்தியானம் படைத்தபின், ஒரு கோவா இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து மாடிமுகப்பின் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். பறவைகளுக்குத் தீன் போடக்கூடாது என்று எங்கள் படிக்கட்டில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. கீழ்வீட்டுக்காரன் ஒருமுறை எங்கள் சோற்றுப் பருக்கை ஒன்று அவனுடைய மாடியில் விழுந்ததற்குத் தும்புத்தடியால் எங்கள் தளத்தை இடித்தவன். பயந்து பயந்துதான் வைத்தேன்.

வெள்ளையாக ஒன்று வந்தது. காகம் இல்லை, கடற்பறவை. ஹ்விடோவ்ரே கடலோரம், அவைதான் இங்கே ராச்சியம் பண்ணுகின்றன. ஒரே இறக்கத்தில் வந்து, இலையோடு இழுத்து, குழம்பைக் கீழ்வீட்டுக்காரனின் யன்னலில் கொட்டிவிட்டுப் போய்விட்டது.

"அதுவும் கடற்காகம்தானே. அவர் கடலிலதானே போனவர். அதுக்கு உரித்து இருக்கு," என்று பாக்கியம் சமாளித்துப் பார்த்தாள்.

"மச்சாள், அது காகம் இல்லை," என்றாள் மலர். ஒரு வருடத்துக்குப் பிறகு அவளுடைய முகம் தெளிந்திருந்தது. "காகம் வரேல்ல. முடிஞ்சுது. இனிச் சாப்பிடுங்கோ எல்லாரும்."

கீழே தும்புத்தடி இடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியவில்லை. மற்ற இலையைக் கட்டச் சொன்னேன். காகம் இருக்கிற இடம் எனக்குத் தெரியும், வா என்றேன். மலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனால் பந்தயம் கட்டியவள் அவள்தான். தன் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டாள். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வதனா வேண்டும், அவளையும் கூட்டிக்கொண்டேன். பதின்மூன்று வயது. எங்கே போகிறோம் என்று கேட்டாள், சொன்னேன். "பின்லிட்" என்றாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். அந்த வருடம் அவள் வாயில் அதிகம் புழங்கிய சொல் அது. எங்கள் சமையல் மணம் பின்லிட், தாயின் செருப்பு பின்லிட், நான் பஸ் சாரதிக்கு இரண்டுமுறை நன்றி சொல்வது பின்லிட்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்த பொதியிலிருந்து கத்தரிக்காய் மணத்தது. முன் இருக்கையில் இருந்த ஒருவர் எழும்பிப் போய்க் கதவடியில் நின்றார். வதனா எங்களுக்குத் தெரியாதவள்போல மூன்று இருக்கை தள்ளி இருந்து, யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

5

அந்த மரத்தெருவில் நடந்தோம். கிளைகளை வெட்டி வெட்டி, மரங்கள் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றன. மலர் வீட்டுக் கோபுரங்களைப் பார்த்தாள். இந்தப் படிகளையெல்லாம் கழுவுவது நீங்கள்தானா என்று கேட்டாள், ஓம் என்றேன். உள்ளே வாய்க்கால் இன்னும் பாதி உறைந்து கிடந்தது. பொழுது சாய்ந்தால் வாசலைப் பூட்டிவிடுவார்கள், அதனால் அவசரமாக நடந்தேன்.

என் வாங்குக்குப் பக்கத்தில் ஒரு மரத்தின் அடியில் கடதாசித் தட்டை வைத்து, அதன்மேல் கோவா இலையை விரித்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. வடையை மேலே வைத்துவிட்டுத் தள்ளிவந்து நின்றோம். காகங்கள் மேலே கிளைகளில் இருந்தன. இறங்கவில்லை. பாண் என்றால் தெரியும், இதைத் தெரியாதுதானே.

கூப்பிடவேண்டும். கா, கா என்று கூப்பிடாமல் எந்த ஊரில் காகம் வரும். நான் டென்மார்க் வந்து இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடச் சத்தமாகக் கதைத்ததில்லை. ராசாவின் தோட்டத்தில், ரோமச்சட்டை போட்ட சீமாட்டிகள் நாய்களோடு உலாவும் இடத்தில், நான் காகத்தைக் கூப்பிடவேண்டும். மலரைப் பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, கூப்பிடுங்கோவன் என்பதுபோல நின்றாள். கூப்பிட்டேன். முதல்முறை இருமியதுபோல வந்தது. இரண்டாம்முறை எனக்கே புதினமான சத்தத்தில் வந்தது. காகங்கள் தலையைச் சரித்தன. நடைபாதையில் போனவர்களும் நின்று திரும்பினார்கள்.

"அப்பா, காணும். ப்ளீஸ்," என்றாள் வதனா.

மூன்றாம்முறையும் கூப்பிட்டேன். ஒன்று இறங்கியது. நிலத்தில் தத்தித் தத்தி, பக்கவாட்டாகப் பார்த்துக்கொண்டு, இலையிலிருந்து ஓர் எட்டுத் தூரத்துக்கு வந்துவிட்டது. மலரின் கை தன் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தது. அப்போதுதான் அந்த நாய் வந்தது. குட்டைக் கால், நீள உடம்பு, முதுகில் கட்டம் போட்ட சட்டை. குரைத்துக்கொண்டு வந்ததும் காகம் எழும்பிப் போய்விட்டது.

நாயின் சொந்தக்காரி என் இரண்டாம் மாடிச் சீமாட்டி. நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கிழமைக்கு ஒருமுறை அவர் கதவடியில் முழங்காலில் நிற்பவன், ஒரு தொப்பி போட்டு நிமிர்ந்து நின்றதும் வேறு ஆளாகிவிட்டேன். அவர் எங்களோடு கதைக்கவில்லை. கையை உயர்த்தி, தூரத்தில் நின்ற தோட்டத்துக் காவற்காரரைக் கூப்பிட்டார். எலி, எலி என்று அவர் சொன்னது எனக்கு விளங்கியது. இப்படிக் கொட்டினால் எலி வரும், இவர்கள் வந்த இடத்தில் அப்படித்தான் என்றும் சொன்னார். அது எனக்கு விளங்காது என்று நினைத்துத்தான் அவ்வளவு தெளிவாகச் சொன்னார். முப்பது அடி தள்ளி ஒரு கிழவர் ஒரு பை நிறையப் பாணை வாத்துகளுக்கு எறிந்துகொண்டிருந்தார். அதற்கு எலி வராதாம்.

காவற்காரர் பச்சைச் சட்டைக்காரர். கோபமில்லாமல்தான் கதைத்தார், அது இன்னும் மோசம். இது என்ன என்று வதனாவிடம் கேட்டார். மச்சான், திவசம், காகம் என்று நான் தமிழில் சொன்னேன். இறந்தவருக்குக் கொடுக்கிற சாப்பாடு என்று சொல் என்றேன். வதனா நடைபாதையில் நின்று பார்ப்பவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய காது சிவந்திருந்தது. பெயரென்ன என்று காவற்காரர் கேட்டு, சட்டைப்பையில் பேனையைத் தேடினார்.

பெயரை எழுதுவது என்றால் எங்கள் வீட்டில் என்ன என்று ஊரிலிருப்பவர்களுக்கு விளங்காது. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற விசா. எங்கேயாவது பெயர் எழுதப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் பெரியவர்கள் குசுகுசுத்ததையெல்லாம் வதனா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. ஊன்ஸ்குல், மன்னியுங்கள் என்று அவரிடம் இரண்டுமுறை சொன்னாள். பிறகு குனிந்து, தட்டோடு இலையை எடுத்தாள். வாங்குக்குப் பக்கத்தில் இருந்த பச்சை இரும்புக் குப்பைவாளிக்குள் அதை வைத்தாள். வைத்தாள் என்பதா, போட்டாள் என்பதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காவற்காரர் பேனையைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார். நல்ல பிள்ளை என்றார். சீமாட்டி நாயைத் தூக்கி, அதன் பாதத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

நான் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். அந்தத் தோட்டத்தை, அந்தப் பாலத்தை, பாலத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பதியை, மேலே அந்த மஞ்சள் அரண்மனையை, எல்லாவற்றையும் நெருப்பு வைத்துக் கொளுத்தவேண்டும்போல இருந்தது. நான் நெருப்பு வைக்கிற ஆள் இல்லை. வேகமாக நடந்தேன்.

மலர் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் நடைபாதை நடுவில் நின்று வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாளியின் விளிம்பில் காகம் இருந்தது. தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, கோவா இலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. அந்தத் தோட்டத்துக் காகங்களுக்கு வாளி பழகிய இடம்தானே. இலை கிழிந்தது. தலையைத் திரும்ப உள்ளே விட்டு, வடையோடு வெளியே வந்து, புல்லில் இறங்கி, காலால் மிதித்துப் பிடித்துக் கொத்தியது. இன்னும் இரண்டு வந்தன. ஒன்றின் அலகில் கத்தரிக்காய். காவற்காரர் இதைக் கண்டார். காகத்திடம் அவர் பெயர் கேட்கவில்லை.

மலர் கடைசிவரை நின்று பார்த்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். குப்பைக்குள்ளிருந்து எடுத்தது கணக்கில் வராது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். நான் மறுத்துக் கதைத்திருக்கமாட்டேன்.

"அண்ணை, குழம்பு இருக்க வடையைத்தான் முதல்ல எடுத்தது," என்றாள். "அவரும் அப்பிடித்தான்."

பிறகு சட்டைக் கழுத்தை விட்டாள். கை விறைத்திருந்தது.

"வாங்கோ. வீட்ட போய்ச் சாப்பிடுவம்."

6

பஸ்ஸில் வதனா போகும்போது இருந்ததுபோலவே தள்ளி இருந்தாள். இந்தமுறை வெட்கத்தில் இல்லை என்பது முதுகைப் பார்க்கவே தெரிந்தது. மலர் என் பக்கத்திலிருந்து எழும்பிப்போய் அவளோடு இருந்தாள்.

"மாமி, நான் வேணுமெண்டு..." என்று வதனா தொடங்கினாள்.

"நிலத்தில கிடந்திருந்தா அந்த நாய் எல்லோ திண்டிருக்கும்," என்றாள் மலர். "நீ வாளிக்குள்ள வைச்சபடியாத்தான் தப்பினது."

வீட்டில் பாக்கியம் இலையைப்பற்றிக் கேட்டாள். காகம் எடுத்தது என்று மலரே சொன்னாள். வாளியைப்பற்றி அவள் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள், ஒரு வருடத்தில் முதல்முறை. பொட்டை எடு என்று யாரும் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை. அலுமாரியில் தொங்கிய குளிர்ச்சட்டையைக் கடதாசி பிரித்து என்னிடம் தந்தாள். அதைத்தான் போட்டுக்கொண்டு இப்போது வேலைக்குப் போகிறேன். கை கொஞ்சம் நீளம்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள். கந்தோருக்கும் போய், புருஷன் வரமாட்டார் என்று தானே சொன்னாள். அவளிடமும் அத்தாட்சி கேட்டார்கள். காகம் தின்றது என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது. மச்சானின் பெயர் இன்னமும் அங்கே, வரவேண்டியவர் என்றே இருக்கிறது. அவர்களுக்கு மட்டும் அவர் உயிரோடு இருக்கிறார்.

நான் அந்தப் படிகளைத் தொடர்ந்து கழுவுகிறேன். சீமாட்டியின் தகட்டை மினுக்குகிறேன். ஒருநாள் அவர் கதவைத் திறந்து, நாய் நனைத்த இடத்தைக் காட்டி, இதையும் துடை என்று விரலால் சொன்னார். துடைத்தேன். இந்தச் சனங்கள் நல்லவர்கள், பழகினால் தெரியும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். எனக்குப் பழகக் கிடைக்கவில்லை. ஊரில் அந்தத் தபாலட்டையைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் கழற்றவேண்டாம், படம் நல்ல படம். சிவப்புப் பாலத்துக்கு வலப்பக்கம் உற்றுப் பார்த்தால் ஒரு வாங்கும், அதன் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளியும் தெரியும். அதுதான் அந்த வாளி.

வருகிற மாசியில் இரண்டாவது திவசம். எங்கே வைப்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். மலர் இப்போது டெனிஷ் வாசிக்கிறாள். வகுப்பு முடிந்து வரும் வழியில் ஒருநாள் தோட்டத்துக்குப் போய், வாசலில் இருக்கும் அறிவித்தல் பலகையை முழுவதும் வாசித்துவிட்டு வந்தாள்.

"அண்ணை, இந்த முறை நேர வாளியிலயே வைப்பம். நிலத்தில போடக்கூடாது எண்டுதான் எழுதியிருக்கு. வாளிக்குள்ள போடுறதை ஒருத்தரும் கேக்கேலாது. நீங்கள் கூப்பிட்டாக் காணும்."

மேலாக இருக்கும்படி, வாளி நிறையக் கடதாசி போட்டு, அதன்மேல் இலையை வைக்கலாம் என்று அவளும் வதனாவும் கதைத்து முடிவு பண்ணியிருக்கிறார்கள். விளிம்பு ஊத்தையாக இருக்குமே என்றாள் பாக்கியம். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். அதற்கு நான் வழி செய்திருக்கிறேன். பித்தளை மினுக்க வேலையில் தருகிற துணிகளில் புதிது ஒன்றை எடுத்து, ஒருவர் கதவிலும் படாமல், வேறாக மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பகுதியில் இவ்வளவு காலமும் நான் துடைத்ததெல்லாம் அவர்களுக்கு. அன்றைக்கு அந்த வாளியைத் துடைப்பேன்.